மடக்கு நட்சத்திரம்

ஏலக்காய்க்கு அம்மை போட்டு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சூரியநெல்லிக்குக் கீழே இருக்கும் ஒரு எஸ்டேட்டில், கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்னால், அதுவும் நடந்தது. தட்டு தட்டாகப் பரப்பியிருந்த பச்சைக் காய்களின் மேல் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். சாமி குத்தம் ஒன்றும் இல்லை. எல்லாம் அமிர்தநாதன் குத்தம்.

அமிர்தநாதனுக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றதும் மலைக்கு வெளியே இருப்பவர்கள் அவன் ஏதோ கடை வைத்திருப்பதாக நினைத்துப் பெண் கொடுக்கக்கூட விசாரித்ததுண்டு. விஷயம் தெரிந்ததும் போய்விட்டார்கள். பறித்த ஏலக்காயைக் கம்பிவலைத் தட்டுகளில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் விறகு எரித்து, அந்தச் சூட்டில் காயவைக்கிற கட்டடம்தான் ஸ்டோர். காய் காய வேண்டும், ஆனால் பறித்த அன்றிருந்த பச்சை மாறக் கூடாது. தொழிலின் மொத்த சூட்சுமமும் இவ்வளவுதான். அதற்காகச் சீசன் முழுக்க ராத்திரியும் கண் விழித்து விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

மார்கழிப் பனியில் அந்த மலையில் எதுவும் காயாது. துவைத்துப் போட்ட சட்டை மூன்றாம் நாளும் பிழிந்தால் தண்ணீர் விடும். அதனால் அமிர்தநாதன் தன் வீட்டு ஈரத்தையெல்லாம் ஸ்டோருக்குக் கொண்டுபோய், மேல் தட்டில் ஓரமாகப் பரப்பிவிடுவான். நிமியின் பள்ளிச் சீருடை, ரிஞ்சுவின் சாக்ஸ், ஒருமுறை நனைந்துபோன கணக்குப் புத்தகம். அக்கா மகள் என்று சொல்வதா தங்கை மகள் என்று சொல்வதா என்று சந்தேகப்பட வேண்டாம், தங்கச்சி பிள்ளைகள்தான் இரண்டும். நிமி ஐந்தாம் வகுப்பு. வகுப்பில் அவளுக்கு ‘ஏலக்கா’ என்றே பெயர். ரிஞ்சு ஒன்றாம் வகுப்பு. அவனுக்கு இன்னும் பட்டப்பெயர் கிடைக்கவில்லை என்று வருத்தம்.

இந்தத் தடவை காயப் போட்டது ஐஸ் குச்சிகள். டூரிஸ்ட் ஜீப் ஓட்டும் நல்லதம்பி, வெள்ளைக்காரனும் சென்னைக்காரனும் நக்கிப் போட்ட குச்சிகளை வியூ பாயின்ட்டில் பொறுக்கி, பிள்ளைகளுக்கென்று ஒரு சாக்குப்பை நிறையக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். வெந்நீரில் சோடா மாவு போட்டு நிமி அவற்றைக் கழுவினாள். வாசலில் கட்டுகிற கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இந்த வருஷம் கடையில் வாங்காமல் நாமே குச்சியில் செய்வது என்று தீர்மானம். சிவப்பாக இருக்க வேண்டும் என்று ரிஞ்சு ஒற்றைக் காலில் நின்றான். அமிர்தநாதன் கலர்ப் பொடி வாங்கிக் கரைத்து, குச்சிகளை ராத்திரி ஊறவைத்து, விடியற்காலை ஸ்டோருக்கு எடுத்துப் போனான்.

அடியில் பேப்பர் விரித்துப் பரப்பத்தான் நினைத்தான். பேப்பரைக் கையில் எடுத்த நேரத்தில் போன் வந்தது. தங்கச்சி புருஷன் செபாஸ்டின், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து.

“மச்சான், நாங்க கெளம்பிட்டோம். வினோவும் வருது. மத்தியானத்துக்கு மேல வந்துருவோம். கொஞ்சம் பேசணும் மச்சான்.”

“பேசணுமா? இப்ப என்ன பண்ணிட்டிருக்க, பாடிட்டிருக்கியா?”

செபாஸ்டின் சிரிக்கவில்லை. “நேர்ல பேசலாம்” என்று வைத்துவிட்டான்.

அந்தப் போனுக்குப் பிறகு அமிர்தநாதனின் கை எதைச் செய்தது என்று அமிர்தநாதனுக்குத் தெரியாது. பேப்பர் தரையில் கிடந்தது. சிவப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் குச்சிகள் நேராகத் தட்டின் மேல். அங்கிருந்து கம்பி வலை வழியாக அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு. சூப்பர்வைசர் பிஜு வந்து கதவைத் திறந்தபோது எல்லாத் தட்டிலும் அம்மை வார்த்திருந்தது.

“எடோ அமிர்தா, இதெந்தாடோ? ஏலக்காய்க்கு அஞ்சாம்பனியோ?”

அஞ்சாம்பனி என்றால் மலையாளத்தில் மணல்வாரி அம்மை. அமிர்தநாதன் எட்டிப் பார்த்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“கிறிஸ்மஸ் ஸ்பெஷல் சாரே. உள்ள பச்சை, வெளிய சிவப்பு. கலர் கரெக்டா வந்திருக்கு.”

பிஜு கையை ஓங்கினார். ஓங்கிய கையில் மேல் தட்டிலிருந்து ஒரு குச்சி அகப்பட்டது. சூட்டில் அது வில்லாக வளைந்திருந்தது. எல்லாக் குச்சிகளுமே வளைந்திருந்தன. ஒன்றுகூட இன்னொன்றைப் போல வளையவில்லை.

“பிள்ளேர்க்கு ஸ்டார் உண்டாக்கானோ?” என்றார் குரல் இறங்கி.

“ஆமா சாரே.”

“வீட்டில் போ. இன்னு நின்றெ தலை இவிடெ இல்லா. நாளெ வன்னு சிவப்பு எல்லாம் பெறுக்கி மாத்து.” போகிறவனைக் கூப்பிட்டு அந்தக் குச்சியையும் கையில் கொடுத்தார்.

அமிர்தநாதனின் தலை அங்கே இல்லைதான். அது ‘பேசணும்’ என்ற சொல்லுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது.

தங்கச்சி பெயர் சிஞ்சு. அமிர்தநாதனின் அப்பா மூத்த பிள்ளைக்குப் பங்குச் சாமியாரைக் கேட்டுப் பெயர் வைத்தார். இரண்டாவது பிறந்த சமயம் எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்துக்கு டி.வி. வந்துவிட்டதால் சாமியாரைத் தொந்தரவு செய்யவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் சிஞ்சு போய்ச் சேர்ந்தாள். செபாஸ்டின் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபாலபுரத்திலிருந்து இளநீர் லோடு ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ ஓடுகிற டிரைவர்; அவன் லாரியில் பிள்ளைகளை எங்கே வைப்பது? ‘இப்போதைக்கு’ மாமனிடம் இருக்கட்டும் என்று ஆயிற்று. அடக்கம் முடிந்து வந்த அன்று இரண்டும் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் அமிர்தநாதன் சோற்றுச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பிஷப்பைப் போல இரண்டு விரலைத் தூக்கி ஆசீர்வாதம் கொடுத்தான். ரிஞ்சு களுக்கென்று சிரித்துவிட்டான். நிமியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அன்றிலிருந்து அதுவே அவனுக்கு இரண்டாவது உத்தியோகம்.

போன வருஷம் செபாஸ்டின் வினோவைக் கட்டிக்கொண்டான். கோபாலபுரத்துப் பெண். அமிர்தநாதன் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டாவதாக வந்தவளை, செத்துப்போன முதல் மனைவியின் பிறந்த வீட்டுக்கு அழைத்து, அண்ணனோ தம்பியோ தன் கையால் ஒரு சேலை கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அவள் அந்த வீட்டுப் பெண், செத்தவளுக்குத் தங்கச்சி, பிள்ளைகளுக்குச் சித்தி. அதற்குப் பிறகு பிள்ளைகள் எங்கே வளர வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சேலை கொடுக்காதவரை அவள் வெறும் வினோ.

அமிர்தநாதன் சேலை கொடுக்கவில்லை. முதலில் மழை என்றான். பிறகு ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் என்றான். பிறகு சீசன் என்றான். வினோ ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளோடு வீடியோ காலில் பேசினாள். அவன் பின்னால் நின்று அவளுக்குத் தெரியும்படி நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு, பிள்ளைகள் சிரித்ததும் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டான்.

*

“மாமா, இது என்ன வாழைக்கா சிப்ஸா?” என்றான் ரிஞ்சு, பையைக் கவிழ்த்துப் பார்த்து.

“லேய், இது ஸ்பெஷல் குச்சி. மோந்து பாரு, ஏலக்கா வாசம். பெத்லகேம் நட்சத்திரத்துக்கே இந்த வாசம் கெடையாது.”

“நட்சத்திரத்துக்கு எதுக்கு மாமா வாசம்?” என்றாள் நிமி.

“மேகமூட்டமா இருந்தா? ராஜாக்க மூணு பேரும் மோப்பம் புடிச்சு வரவேண்டாமா?”

மூவரும் வீட்டுத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். அமிர்தநாதன் மனத்தில் ஒரு திட்டம் வைத்திருந்தான். குச்சிகளை ஒட்டி ஒட்டி நீளமாக்கி, லயத்திலேயே பெரிய நட்சத்திரமாகச் செய்து, நடுவில் சிவப்புத் தாள் ஒட்டி, உள்ளே பல்பு போட்டு, எதிர்மலையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி தூக்கிக் கட்டுவது. அதைப் பார்த்த பிறகும் இந்தப் பிள்ளைகளை இங்கிருந்து கொண்டுபோக யாருக்காவது மனசு வருமா? அவன் பசை டப்பாவைத் திறந்தான். வளைந்த குச்சி ஒன்றோடொன்று ஒட்ட மறுத்து, அவன் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டது. ரிஞ்சு தன் புருவத்தில் ஒரு குச்சியை ஒட்டிப் பார்த்தான். அது மட்டும் கச்சிதமாக ஒட்டியது.

நிமி பசையைத் தொடவில்லை. வளைவு குறைவான குச்சிகளாக ஐந்து பொறுக்கி எடுத்தாள். ஏலக்காய் மூட்டை தைக்கிற சாக்கு ஊசியை அடுப்பில் காட்டிப் பழுக்கவைத்து, ஒவ்வொரு குச்சியின் இரண்டு முனையிலும் துளை போட்டாள். துளைக்குத் துளை நூல் கோத்து முடிச்சுப் போட்டாள். குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே விரித்தால் ஐந்து முனை நட்சத்திரம். கடைசி முடிச்சை மட்டும் அவிழ்த்துவிட்டால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக மடங்கி, ஒரே குச்சிக் கட்டு. தச்சன் வைத்திருக்கும் மடக்கு அளவுகோலைப் போல.

“அடேயப்பா! ஆனா இத்தனூண்டு நட்சத்திரத்தை வாசல்ல கட்டுனா, பல்லி வந்து குடக்கூலி கேக்குமே தாயீ. பெரிசா ஒட்டுவோம். எதுக்கு மடங்கணும்?”

“சும்மா.”

“சும்மான்னா?”

“சும்மாதான் மாமா.”

ரிஞ்சுவுக்குப் புருவம் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த வலியில் கவனம் பிசகிவிட்டது போலிருக்கிறது. “மடக்குனாத்தான் பைக்குள்ள போகும். பஸ்ல நசுங்காது. சித்தி வீட்டு வாசல்ல கட்டணும்ல?” என்றான்.

நிமி அவன் தொடையைக் கிள்ளினாள். அதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது.

அமிர்தநாதன் கட்டைவிரலில் ஒட்டிய குச்சியைப் பிய்த்தான். தோலும் கொஞ்சம் வந்தது.

“ஓகோ,” என்றான். “அப்ப மாமனை டிஸ்மிஸ் பண்ணியாச்சா? ஒரு மாச நோட்டீஸாவது குடுப்பாங்களே எஸ்டேட்ல.”

நிமி சிரித்தாள். சிரிக்கத்தான் செய்தாள், அவன் சொல்வதற்கெல்லாம் சிரித்து அவளுக்குப் பழக்கம். “உனக்கும் ஒண்ணு செஞ்சு வச்சுட்டுத்தான் மாமா...” என்று ஆரம்பித்து, பாதியில் நூலைப் பல்லால் கடித்து அறுப்பதில் மும்முரமாகிவிட்டாள்.

“வச்சுட்டுத்தான்?”

“சும்மா.”

விறகு எடுத்து வருகிறேன் என்று அவன் வெளியே போனான். விறகு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

*

மத்தியானத்துக்கு மேல் அவர்கள் வந்தார்கள். செபாஸ்டின் தோளில் இளநீர் மூட்டை. குளிரில் பல் கிட்டுகிற மலைக்கு இளநீர் கொண்டுவருகிற மனிதன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருக்கும். பின்னால் வினோ. முகம் வெளிறி, ஈரச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி ஏறி வந்தாள். மலை வளைவுகள் அவளைப் பந்தாடியிருந்தன.

அதைப் பார்த்ததும் அமிர்தநாதனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இந்த மலை என் கட்சி என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே வெட்கமாகிவிட்டது. ஓடிப்போய் இஞ்சி தட்டி, ஏலக்காய் கொஞ்சம் தாராளமாகவே போட்டு, பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்தான்.

“நல்லாருக்கீங்களாண்ணா?” என்றாள் வினோ, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. “எப்படீங்ண்ணா இந்தக் குளுருல இருக்கறீங்க? எனக்குப் பல்லு தனியா ஆடுதுங்க.”

அண்ணா என்று அவள் கூப்பிட்டதை அவன் காதில் வாங்காதது போல இருந்தான். “குளிரா? இது வெயில் காலம். குளிர் வந்தா வாயிலிருந்து வர்ற பேச்செல்லாம் உறைஞ்சுபோகும். எடுத்து அடுப்புல வச்சு உருக்கித்தான் என்ன சொன்னீங்கன்னு கேட்போம்.”

“அப்படீங்களா!” என்றாள் அவள். நிஜமாகவே நம்பிவிட்டது போல விழித்தாள். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தன. அவளும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

அவள் முகம் கழுவிவிட்டு வந்து சாக்கில் உட்கார்ந்தாள். “ஏம் புள்ள, எனக்கும் சொல்லிக் குடு” என்று நிமியின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு அவளும் ஒன்று கட்டினாள். எங்கேயோ குறுக்கும் நெடுக்கும் மாறிப்போய், நட்சத்திரம் மீனாகிவிட்டது. ரிஞ்சு அதைக் கையில் தூக்கி நீந்தவிட்டான். நிமி பொறுமையாக முடிச்சுகளை அவிழ்த்து, வினோவின் விரலைப் பிடித்து, எந்தக் குச்சி மேலே, எந்தக் குச்சி கீழே என்று காட்டிக் கொடுத்தாள். காட்டிக் கொடுத்தவள் அப்படியே அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். தலையைக்கூட அல்ல, உடம்பின் முழுக் கனத்தையும் போட்டு. சின்னப் பிள்ளை சாய்வது போல.

அமிர்தநாதன் வாசலில் நின்று அதைப் பார்த்தான். தன் மேல் அவள் இப்படிச் சாய்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. அவள் அவனைப் பார்த்துச் சிரிப்பாள். அவனுக்குச் சோறு போட்டுக் கொடுப்பாள். ரிஞ்சுவைக் குளிப்பாட்டுவாள். சாய்ந்ததில்லை.

வெளியே சுவர் ஓரமாகச் செபாஸ்டினைத் தள்ளிக்கொண்டு போனான்.

“மாப்ள, நேராவே கேக்கேன். பிள்ளைகளக் கூட்டிட்டுப் போகவா வந்திருக்க?”

“அப்படின்னு இல்ல மச்சான்...”

“பின்ன?”

“பாப்போம் மச்சான். நீங்க சொல்றதுதான்.”

“நான் என்ன சொல்லணும்?”

“அதான், நீங்க சொல்றது.”

“உன்னைய நம்பி ஒருத்தன் லாரிய வேற குடுத்திருக்கான் பாரு! ரைட்ல திரும்பப் போறியா லெஃப்ட்ல திரும்பப் போறியான்னு பின்னால வர்றவன் ஜெபம் பண்ணித்தான் தெரிஞ்சுக்கணும்.”

செபாஸ்டின் தரையைக் காலால் கீறினான். நல்லவன். நல்லவனாக இருப்பதற்காக எதையும் முழுசாகச் சொல்ல மாட்டான். “சீசன்ல உங்களுக்கு ராத்திரி ஸ்டோர்தானே மச்சான். பிள்ளைக தனியாவா படுக்குது?”

“தனியா எதுக்குப் படுக்குது? அடுத்த வீட்ல அழகுத்தாய் அக்கா இருக்கு. சுவத்துல ஒரு தட்டு தட்டுனா போதும், தூண் கணக்கா வந்து நிக்கும்.”

அழகுத்தாய் தன் மகளின் பிரசவத்துக்கென்று போடிக்குப் போய் வெகுநாளாயிற்று. வீட்டில் பூட்டுத் தொங்கியது. அந்தப் பூட்டு செபாஸ்டின் கண்ணில் படாதபடி அமிர்தநாதன் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டான்.

வினோவிடமும் கேட்டான். அவள் கொடியில் துணியைப் போட்டுக்கொண்டிருந்தாள். காயாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. “ஏம்மா, உங்க மனசுல என்ன இருக்கு? பிள்ளைக விஷயமா.”

“புள்ளைங்க இஷ்டங்ண்ணா,” என்றாள். “நீங்க இருக்கறீங்க, அவங்க அப்பா இருக்கறாரு. நான் என்னங்க சொல்றது? நான் வந்தவ.”

அப்போதுதான் ரிஞ்சு உள்ளேயிருந்து வந்தான். ஒற்றைப் புருவம் சிவந்து, பின்னால் ஒரு சேலையை இழுத்துக்கொண்டு. மடிப்புக் கலையாத, கடை வாசனை போகாத, மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலை. கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை செய்ய ஏதாவது பச்சைத் துணி தேடி மாமாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்திருக்கிறான்.

“சித்தி, இந்தா. இது உனக்குத்தான். மாமா போன ஈஸ்டருக்கே வாங்கி ஒளிச்சு வச்சிருக்கு. நாங்க டெய்லி எடுத்துப் பாப்போம்.”

செபாஸ்டின் இளநீர் சீவ எடுத்த அரிவாளோடு நின்றான். நிமி வாசல்படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முன் ஒரு நாள் போடிக்குப் போனவன் அதை வாங்கிவிட்டான், அது உண்மைதான். சிஞ்சுவுக்குப் பிடித்த நிறம் கடைக் கண்ணாடியில் தெரிந்தது, உள்ளே போய்விட்டான். வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கை வரவில்லை. பெட்டிக்கு அடியில் போட்டான். அதன் மேல் பழைய கம்பளியைப் போட்டான். தினமும் இரண்டு பேர் அதை எடுத்துப் பார்ப்பார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அந்த வாய் இதுவரை அவனைக் கைவிட்டதில்லை. திறந்தான். “இது... குடிலுக்கு மலை செய்ய...” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே வரவில்லை.

ரிஞ்சுவின் கையிலிருந்து சேலையை வாங்கினான். மண் ஒட்டியிருந்த முந்தியைத் தட்டினான். மடித்தான். சரியாக வராமல், மறுபடி மடித்தான். வினோ ஈரத் துணியைக் கீழே போட்டுவிட்டு, கையைக் கட்டியிருந்த சேலையில் துடைத்துத் துடைத்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

“பிடி தங்கச்சி,” என்றான் அமிர்தநாதன்.

வாங்கிய சேலையை அவள் முகத்தோடு சேர்த்துவைத்துக்கொண்டாள். “அண்ணா” என்று ஏதோ சொல்ல வந்தது, சேலைக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் அழுகிறாள் என்று ரிஞ்சு பயந்து, மீன் நட்சத்திரத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தான்.

*

வாசலில் கட்டுவதற்கு மூங்கில் கழி வேண்டும் என்று சாக்குச் சொல்லி, அமிர்தநாதன் நிமியை மட்டும் கூட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினான். பனிமூட்டமாக மஞ்சு ஏறி வர ஆரம்பித்திருந்தது. ஏலச்செடிகளின் மேல் பாதி வெயில், பாதிப் புகை. கீழே எங்கோ கேரல் பாட்டுக்குப் பழகுகிற பையன்களின் டிரம் சத்தம்.

கழியை வெட்டினான். இலை கழித்தான். இனிமேல் வெட்ட ஒன்றும் இல்லை என்றானபோது கேட்டான்.

“என்ன தாயீ, கோபாலபுரத்துல போய் கொங்குத் தமிழ் பேசப் போறியாக்கும்? ‘ஏனுங்க மாமா, ஊட்டுக்கு வாங்க மாமா’ன்னு?”

நிமி சிரித்தாள்.

“அங்க வெயில்ல கருவாடு ஆயிருவ. யாரும் ஏலக்கான்னு கூப்பிட மாட்டாங்க. தேங்கான்னுதான் கூப்பிடுவாங்க.”

இன்னும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள்.

“சொல்லு. போறியா?”

“மாமா,” என்றாள். “நீ வெளையாட்டாக் கேட்டா நான் வெளையாட்டாத்தான் சொல்லணும். சிரிக்காம கேளு.”

அமிர்தநாதன் கழியைக் கீழே வைத்தான். ஈரமான கல்லில் உட்கார்ந்தான். அப்போது அவன் முகமும் அவள் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தன. சிரிக்காத முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவனுக்கு மறந்துபோயிருந்தது. உதடு ஓரம் தானாக இழுத்துக்கொண்டது. கையால் வாயைத் தடவி அதைச் சரிசெய்தான்.

“நிமி, நீ மாமாகூட இருக்கணுமா, அப்பா வீட்டுக்குப் போகணுமா? எதுன்னாலும் சொல்லு. மாமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது மறுபடி இழுக்கிறதா என்று பார்ப்பது போல. இழுக்கவில்லை என்று நிச்சயமானதும் சொன்னாள்.

“போகணும் மாமா.”

டிரம் சத்தம் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

“மழை விட்டப்ப ஒரு நாளு ராத்திரி ஆனை வந்துச்சு. நம்ம வீட்டுச் சுவத்துல உரசிக்கிட்டு நின்னுச்சு. ஓடு சத்தம் கேட்டுச்சு. சுவத்துல தட்டுனேன். அழகுத்தாய் அத்தைதான் ஊர்ல இல்லையே. ரிஞ்சு அழப் பாத்தான், அவன் வாயப் பொத்திட்டேன். வெடியிற வரைக்கும் பொத்தியே வச்சிருந்தேன்.”

“என்கிட்ட சொல்லலையே தாயீ?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். காலையில நீ ஸ்டோர்லேர்ந்து வந்த. கண்ணெல்லாம் செவந்து போய், தலையில சாக்கப் போட்டுக்கிட்டு, மாதா மாதிரி கையக் கூப்பிக்கிட்டு வந்து நின்ன. ரிஞ்சு சிரிச்சிட்டான். எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது? சொன்னா நீ ஆனை மாதிரி நடந்து காட்டுவ. எல்லாரும் சிரிச்சுருவோம். ராத்திரி நீ மறுபடி போயிருவ.” அவள் அவன் சட்டைப் பித்தானைப் பிடித்துத் திருகினாள். “சித்தி ராத்திரி எங்கயும் போகாதாம். கேட்டேன். நீ வேணாம்னு இல்ல மாமா. ராத்திரிக்கு ஒரு ஆள் வேணும்.”

அமிர்தநாதன் ஆனை மாதிரி நடந்து காட்டவில்லை; “சரி தாயீ, போ” என்றான், சிரிக்காமல்.